ஓவியத்தை மதிப்பிடுவது எப்படி? – கடிதமும் பதிலும்

அன்பின் டீச்சருக்கு,

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். போன மாதம் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். ஜோர்ஜ் கீட் வரைந்த ஒரு படத்தின் முன்னால் எல்லாரும் வியந்து நின்றார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஓவியத்தை மதிப்பிடக் கற்றுக்கொள்ள எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? ஒரு படத்தின் விலை எப்படி முடிவாகிறது? தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குக் கலைப் பழக்கம் என்று எதுவும் இல்லையே, இனிமேல் வருமா?

– சி.

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதினீர்களே, அது எனக்குப் பிடித்தது. மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டிவிட்டு வராமல் இருந்திருக்கிறீர்கள். விலைக் கேள்வியை விடுங்கள். யார் வரைந்தது, அசல்தானா, யார் யார் கையில் இருந்து வந்தது, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்த்து வாங்குபவரும் விற்பவரும் முடிவு செய்துகொள்வார்கள்.

ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்தது. கலைப் பழக்கம் இல்லையென்று யார் சொன்னது? மாசி மாதம் உங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆடவே இல்லையா?

என் அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொழுந்து பறித்தே காலம் போனது. காமன் கூத்து இரவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெற்றிலையை அதக்கியபடி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். ரதி வேஷக்காரன் வந்து நின்றதுமே தீர்ப்பு ஆரம்பித்துவிடும். "போன வருஷத்து ரதி தலையத் தூக்குறதுக்கு முந்தி கண்ணத் தூக்குவான். இவன் ரெண்டையும் ஒண்ணாத் தூக்குறான்." மன்மதன் எரிந்தபிறகு ரதி அழுவாள் அல்லவா, அதற்கும் ஒரு சொல்: "தொண்டை இருக்கு, துக்கம் இல்ல." தப்பு அடிப்பவர்கள்கூட ஓரக்கண்ணால் அம்மாயியின் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

அம்மாயி எந்த வகுப்புக்கும் போகவில்லை. ஒரே கதையை வருஷா வருஷம், வேறு வேறு ஆள் ஆடப் பார்த்தார். கதை மாறாததால் ஆட்டத்தில் மாறுவது கண்ணில் பட்டது. ஓவியத்திலும் வழி இதுதான் தம்பி. நீங்கள் ஒரு படத்தை ஒரே ஒரு தடவை, கூட்டத்துக்கு நடுவில் பார்த்துவிட்டு வந்து, கண் இல்லை என்கிறீர்கள். எதோடு ஒப்பிட்டீர்கள்?

ஊருக்குப் போகும்போது ஒரு தடவை கண்டியில் இறங்குங்கள். மகாவலியைத் தாண்டி லேவெல்லப் பக்கம், பழைய சுவரோவியங்கள் உள்ள தெகல்தொருவ விகாரை இருக்கிறது. எங்கள் ஆட்கள் கண்டி ஊர்வலமான பெரஹெராவுக்குப் போவார்கள், இங்கே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "அது அவங்க பன்சலதானே", அதாவது சிங்களவர்களின் பௌத்தக் கோயில்தானே, என்பார்கள். இந்த எண்ணம் எனக்கு ஆகவே ஆகாது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்க வம்சத்துக் கண்டி அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (ஆட்சி 1747–1782) காலத்தில் தொடங்கி, அவர் தம்பி காலத்தில் முடிந்த வேலை அது. வரைந்தவர்களில் தேவரகம்பொல சில்வத்தென்ன என்பவரின் பெயர் இன்றும் நிற்கிறது. நம் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் சுவரைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அங்கே வெஸ்ஸந்தர ஜாதகக் கதை, அதாவது புத்தர் முற்பிறவியில் எதையும் தானம் கொடுக்கும் இளவரசராக இருந்த கதை, பட்டை பட்டையாக ஓடும். பின்னணி முழுக்கச் சிவப்பு. நிழல் இல்லை, தூரம் இல்லை. ஒரே ஆள் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வருவார். நடுவில் நிற்கும் மரம்தான் ஒரு காட்சியை முடித்து அடுத்ததைத் தொடங்கும். வெறும் இடம் விட்டால் அதில் ஒரு பூ. வெள்ளை யானையைத் தானம் கொடுக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த யானையின் முதுகுக் கோட்டை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். எங்கே கை தயங்கியது, எங்கே ஒரே இழுப்பில் போனது என்று பாருங்கள். பிறகு உள்ளே போய்த் தலையைத் தூக்கினால் கூரைப் பாறையில், புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படை. கழுத்து வலிக்கும்வரை பாருங்கள்.

அடுத்த லீவில் தம்புள்ளைக்குப் போங்கள். அங்கேயும் குகைக் கூரையில் அதே மாரன் படை. இங்கே நெரிசல் எப்படி, அங்கே எப்படி? புத்தர் அமைதியாக இருக்கிறார் என்பதை எந்த ஓவியன் எதை வைத்துச் சொல்கிறான்? ஃபோனில் பார்த்துவிட்டேன் என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள். கூரையையும் யானையையும் ஒரே அளவாக்கிக் கையில் தருகிற சாமான் அது.

புத்தகம் கேட்டீர்கள். ஆனந்த குமாரசுவாமி கனிமங்களை ஆராய இந்த நாட்டுக்கு வந்தவர். கண்டிக் கிராமத்துக் கைவினைஞர்களைப் பார்த்துப் பார்த்து 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்று பெரிய நூலே போட்டார். அவரும் பார்த்தபிறகுதான் எழுதினார், நீங்களும் பார்த்தபிறகு படியுங்கள்.

கீட் 1901இல் கண்டியில் பிறந்தவர். பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் புத்தரின் வாழ்க்கையை வரைந்திருக்கிறார். கொழும்பில்தானே இருக்கிறீர்கள், தெகல்தொருவவையும் தம்புள்ளையையும் பார்த்துவிட்டு அங்கே போங்கள். பழைய கோட்டில் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்று நீங்களே சொல்லலாம்.

சரி, தெகல்தொருவ போய்வந்ததும் எனக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். அதில் "அழகாக இருந்தது" என்று ஒரு இடத்திலும் வரக்கூடாது.

அன்புடன்,
டீச்சர்