டைப் 1 பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு: ஓர் அம்மாவிடம் கேட்ட கேள்விகள்

என் மகளுக்கு 6 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இப்போது அவளுக்கு 17. இந்தப் பதினோரு வருடத்தில் மதுரையைச் சுற்றியுள்ள பல குடும்பங்களோடு பழக்கமாகிவிட்டது. யாருக்காவது புதிதாகத் தெரியவந்தால் பேசச் சொல்லி என்னிடம் அனுப்புகிறார்கள். நான் டாக்டர் இல்லை. இன்சுலின் எத்தனை யூனிட் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டோடும் பள்ளிக்கூடத்தோடும் மனசோடும் சேர்ந்த விஷயங்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவை இவை.

திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஓர் அம்மா: என் பையனுக்கு 8 வயது. போன வாரம்தான் ஐசியுவில் இருந்து வந்தோம். எங்கள் ஊரில் சுகர் என்றால் வயதானவர்களுக்குத்தான். கர்ப்பமாக இருக்கும்போது இனிப்பு நிறையச் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிறார்கள். யாரிடம் பேசுவது என்றே தெரியவில்லை, அக்கா.

தங்கச்சி, நீங்கள் சாப்பிட்ட இனிப்பால் இது வரவில்லை. அவன் சாப்பிட்ட மிட்டாயாலும் வரவில்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் படை, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. இதை நீங்கள் தடுத்திருக்க முடியாது. ஊரில் யார் கேட்டாலும் இந்த ஒரே பதிலைச் சொல்லுங்கள். பத்து பேர் கேட்டால் பத்து தடவையும் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில், அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. ராத்திரி படுக்கையை நனைத்தாள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், சட்டை தொளதொளவென்று ஆனது. முதலில் காட்டிய கிளினிக்கில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். சர்க்கரை பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அப்படி வீணாய்ப் போன நாலு நாளை நினைத்து ரொம்ப நாள் அழுதேன். நீங்களும் அப்படி உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து தனியாக இருக்காதீர்கள்.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடமோ நர்ஸிடமோ இப்படிக் கேளுங்கள்: "இங்கே வருகிற பிள்ளைகளில் இதே வயதுப் பிள்ளை யாராவது இருந்தால், அந்த அம்மாவிடம் என் நம்பரைக் கொடுக்கிறீர்களா?" அந்த அம்மாவின் நம்பரைக் கேட்டால் ஆஸ்பத்திரியில் கொடுக்கத் தயங்குவார்கள், உங்கள் நம்பரைச் சேர்க்கத் தயங்க மாட்டார்கள். எனக்கு முதல் தோழி அப்படித்தான் கிடைத்தாள். நவம்பர் 14 உலக நீரிழிவு தினம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேண்டிங்கின் பிறந்தநாள் அது. நம் நாட்டில் அன்றுதான் குழந்தைகள் தினமும். அதையொட்டிப் பல மருத்துவமனைகளில் டைப் 1 பிள்ளைகளுக்காக முகாம் நடத்துவார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். தன்னைப் போலவே வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும் இன்னொரு பையனை அவன் பார்க்க வேண்டும். அது நம்முடைய ஆயிரம் வார்த்தைக்குச் சமம்.

விருதுநகரில் இருந்து ஒரு அப்பா: தினக்கூலி வேலை. இன்சுலின், சர்க்கரை சோதிக்கும் ஸ்ட்ரிப், ஊசி என்று மாதச் செலவு தாங்கவில்லை. உதவி எங்கே கிடைக்கும்?

முதலில் இன்சுலின். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. பக்கத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிள்ளையின் பெயரைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் காட்டினாலும் இந்தப் பதிவு இருக்கட்டும். கையில் காசில்லாத மாதத்தில்கூட இன்சுலின் நிற்காது. ஆனால் ஒன்று: அங்கே கொடுக்கும் இன்சுலின் நீங்கள் இப்போது போடும் வகையாக இல்லாமல் இருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக் கூடாது. நேரமும் அளவும் மாறும்.

ஸ்ட்ரிப்தான் பெரிய செலவு. பெரும்பாலும் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கோவையில் இதயங்கள் அறக்கட்டளை, வசதியில்லாத டைப் 1 பிள்ளைகளுக்கு உதவுகிறது. ஆஸ்திரேலியாவில் இருந்து இயங்கும் 'லைஃப் ஃபார் எ சைல்டு' திட்டம் குடும்பங்களுக்கு நேரடியாகக் கொடுக்காது, மருத்துவ மையங்கள் வழியாகத்தான் கொடுக்கும். அதனால் உங்கள் டாக்டரிடம் "எந்தத் திட்டத்திலாவது பிள்ளையைச் சேர்க்க முடியுமா" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டு, ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்க நாளுக்கு ஒரு தடவை மட்டும் சோதித்த வீடுகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள்தான் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் படுத்தார்கள்.

தேனியில் இருந்து ஒரு பாட்டி: பேத்திக்கு நான்தான் ஊசி போடுகிறேன். கடையில் வேற சிரிஞ்ச் கொடுத்தான். மூடி நிறம் மாறியிருக்கிறது. போடலாமா?

போடாதீங்க பாட்டி. நிறுத்திக் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

இன்சுலின் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். 40 என்றோ 100 என்றோ போட்டிருக்கும். ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்ற கணக்கு அது. 40 பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 பாட்டிலில் இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் உண்மையில் உள்ளே போவது 25 யூனிட். பிள்ளை மயங்கி விழுந்துவிடும். மாற்றி, 40 பாட்டிலில் இருந்து ஆரஞ்சு மூடியில் 10 வரை இழுத்தால் 4 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலி சிவப்பு மூடியைப் பசை போட்டு ஒட்டி, கீழே '40' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். நான் ஊரில் இல்லாத நாளில் என் மாமியார் அதைப் பார்த்துத்தான் போட்டார். மூடியோடு சிரிஞ்சில் உள்ள எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். கடைக்காரரிடம் பாட்டிலைக் காட்டியே வாங்குங்கள்.

சேலத்தில் இருந்து ஓர் அம்மா: இன்சுலின் ஆரம்பித்து இரண்டு மாதம். அளவு குறைந்துகொண்டே வருகிறது. நாட்டு மருந்து கொடுத்தால் ஊசியையே நிறுத்திவிடலாம் என்று மாமனார் சொல்கிறார். அவரை எதிர்த்துப் பேச முடியவில்லை.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

இன்சுலின் ஆரம்பித்த சில வாரங்களில் கணையத்தில் மிச்சம் இருக்கும் கொஞ்ச செல்கள் ஓய்வு கிடைத்து மறுபடி வேலை செய்யும். தேவை குறையும். டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில மாதம் இருக்கும், சிலருக்கு ஒரு வருடமும் நீளும், அப்புறம் போய்விடும். சரியாக இந்தச் சமயத்தில் கஷாயமோ சூரணமோ கொடுத்தால், குறைந்ததற்குக் காரணம் அதுதான் என்று வீடே நம்பிவிடும். பிறகு ஊசியை நிறுத்துவார்கள். நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

மாமனாரிடம் நீங்கள் பேச வேண்டாம், டாக்டர் பேசட்டும். அடுத்த செக்கப்புக்கு அவரையே கூட்டிப் போங்கள். "மாமா, எனக்குப் புரியவில்லை, நீங்களும் வந்து கேளுங்கள்" என்று சொல்லுங்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் உலகத்தில் எந்த நாட்டிலும் இந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற வழியில்லை. பேரன் மேல் பாசம் உள்ள மனுஷர் இதைக் கேட்டால் யோசிப்பார். என் அனுபவத்தில், ஊசியை எதிர்த்த பெரியவர்கள்தான் பிறகு மணி பார்த்து ஊசியை ஞாபகப்படுத்துகிறவர்களாக மாறினார்கள்.

சிவகங்கையில் இருந்து ஓர் ஆசிரியை: என் வகுப்பில் 4ஆம் வகுப்புப் பையனுக்கு டைப் 1. அவன் அம்மா தினமும் மதியம் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிறார். நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

டீச்சர், நீங்களாகக் கேட்டதற்கே கும்பிட வேண்டும்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவதுதான் வகுப்பறையில் நடக்கக்கூடிய அவசரம். வியர்க்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும். சில பிள்ளைகள் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், சிலர் மேஜையில் தலை சாய்த்துவிடுவார்கள். என் மகள் ஒரு தடவை ஏழாம் வாய்ப்பாட்டை மூன்று முறை தப்பாகச் சொல்லி, நிற்க வைக்கப்பட்டாள். பெல் அடித்து வெளியே வந்து விழுந்தபோதுதான் சர்க்கரை 48 என்று தெரிந்தது.

சந்தேகம் வந்தால் உடனே சோதியுங்கள். மீட்டர் இல்லையென்றால் சோதிக்காமலே சர்க்கரை கொடுங்கள். பெரிய பிள்ளைக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து. சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு என்று அம்மாவிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட்டும் கடலை மிட்டாயும் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. தனியாக ஆபீஸ் ரூமுக்கோ பாத்ரூமுக்கோ அனுப்பாதீர்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று டீச்சர். பி.டி. பீரியடில் அவனை உட்கார வைக்காதீர்கள். விளையாடும் முன் சோதித்துவிட்டு, பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு அவன் ஓடட்டும்.

பத்தாம் வகுப்பு மாணவியின் அம்மா: பரீட்சை ஹாலுக்குள் மீட்டரும் குளுக்கோஸும் கொண்டுபோக விடுவார்களா?

சிபிஎஸ்இ 2017லேயே இந்தப் பிள்ளைகள் சர்க்கரை இறங்கினால் சாப்பிடும் இனிப்பு மாத்திரை, பழம், தண்ணீர் போன்றவற்றைத் தேர்வறைக்குள் கொண்டுபோக அனுமதித்தது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் மாநிலக் கல்வி வாரியங்களுக்கும் எழுதியது: தேர்வறையில் மீட்டர், பழம், மாத்திரை வைத்துக்கொள்ளவும், வகுப்பில் சர்க்கரை சோதிக்கவும், இன்சுலின் போடவும் அனுமதிக்கச் சொல்லி. ஆனால் வாசலில் நிற்கும் கண்காணிப்பாளருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். டாக்டர் கடிதத்தோடு தலைமை ஆசிரியரிடம் ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள், தேர்வு மையம் வேறு பள்ளி என்றால் அங்கேயும் ஒரு பிரதி போகட்டும். கையெழுத்தான நகல் பிள்ளையின் ஹால் டிக்கெட்டோடு இருக்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் இருந்து: ஃப்ரிட்ஜ் இல்லை. வெயிலில் இன்சுலின் கெடாதா?

மண்பானை போதும். பானையில் பாதி தண்ணீர், இன்சுலினை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு அதில் மிதக்கவிடுங்கள். பானையை நிழலில், காற்று படும் இடத்தில் வையுங்கள். ஐஸ் கட்டியோடு நேராக வைக்காதீர்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது. திறந்த பாட்டிலை சுமார் 4 வாரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம், திறந்த தேதியை மேலேயே எழுதிவிடுங்கள்.

கோவையில் இருந்து ஓர் அப்பா: ராத்திரி எழுந்து சோதிப்பதில் இருந்து எல்லாம் என் மனைவிதான். எனக்கு ஊசி என்றாலே கை நடுங்குகிறது. அவள் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதுகூட இல்லை.

தம்பி, உங்கள் மனைவி எத்தனை நாளாகத் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கவில்லை என்று அவரைக் கேளுங்கள். பதிலுக்கு அவர் அழலாம், அழட்டும்.

அப்புறம் ஒரு வேலையை முழுசாக உங்களுடையது ஆக்குங்கள். 'உதவி செய்கிறேன்' என்று நிற்பது வேறு, பொறுப்பை வாங்கிக்கொள்வது வேறு. சனிக்கிழமை ராத்திரி மூன்று மணிச் சோதனை உங்களுடையது, அலாரமும் உங்கள் போனில். சோதிக்க ஊசி போட வேண்டியதில்லை, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. ஊசிக்கும் பழகலாம். என் கணவர் பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் கருவியின் ஊசியை, மருந்தில்லாமல், டாக்டர் முன்னாலேயே தன் வயிற்றில் குத்திப் பார்த்தார். 4 மில்லிமீட்டர் ஊசி. "இவ்வளவுதானா?" என்று கேட்டார். மறுநாள் காலை அவர்தான் போட்டார்.

அவசரக் கேள்வி: பிள்ளை வாந்தி எடுக்கிறாள், சாப்பிடவில்லை. சாப்பிடாததால் இன்சுலினை நிறுத்திவிட்டேன். சரிதானா?

இவருக்கு உடனே போனில் சொல்லிவிட்டேன், எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன். சாப்பிடாவிட்டாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. காய்ச்சலிலும் வாந்தியிலும் உடம்புக்கு அது இன்னும் அவசியம். அளவை டாக்டரிடம் போனில் கேளுங்கள். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் ஸ்ட்ரிப் ஒரு டப்பா எப்போதும் வீட்டில் இருக்கட்டும். வாந்தி நிற்காமல், வயிறு வலித்து, மூச்சு வேகமாக வாங்கி, வாயில் அழுகிய பழ வாசனை வந்தால் காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே "டைப் 1, கீட்டோன் பாருங்கள்" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

சென்னையில் இருந்து ஓர் அம்மா: மகனுக்கு 15 வயது. ஊசியைத் தவிர்க்கிறான், மீட்டரில் வந்ததை மறைத்துப் பொய் சொல்கிறான். திட்டியும் பார்த்துவிட்டோம்.

பள்ளிக்கூடத்தில் இருந்து அவன் வந்ததும் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தை என்ன? "எவ்வளவு இருக்கு?" என்பதா? எங்கள் வீட்டில் அதுதான் இருந்தது. ஒருநாள் என் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, உனக்கு என்னைவிட மீட்டர்தான் பிடிக்கும்" என்றாள். அன்றில் இருந்து வந்த உடனே அரை மணி நேரம் சர்க்கரையைப் பற்றிப் பேசுவதில்லை என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

300 வந்தால் அது அவன் வாங்கிய மார்க் இல்லை. "ஏன் இப்படி?" என்று கேட்காமல் "இப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பொய் சொல்ல வேண்டிய தேவை குறையும். ஆனால் ஊசியை முழுக்க அவன் கையில் விட்டுவிடாதீர்கள், தினமும் ஒரு ஊசியாவது நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது போடட்டும். பல வாரமாக இப்படியே இருந்தால், டாக்டரோடு மனநல ஆலோசகரையும் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரு நாள்கூட லீவு இல்லாமல் இதைச் சுமக்கிறான், அலுத்துப்போவது இயற்கை.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

டைப் 1 மட்டும் இருந்தால் கிடைக்காது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இது இல்லை.

திருமங்கலத்தில் இருந்து ஓர் அம்மா: என் 5 வயது மகள் தினமும் கேட்கிறாள், "எப்போம்மா ஊசி முடியும்?" என்ன சொல்வது?

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். என் மகள் கேட்டபோது, "தீபாவளி வரைக்கும்தான்டா" என்று சொல்லிவிட்டேன். அப்போது ஆடி மாதம். மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்து, "இன்னைக்கு ஊசி கிடையாதுல்ல?" என்று கேட்டாள்.

கையில் இன்சுலின் பேனாவோடு அவள் முன்னால் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். முடியாது கண்ணு, பெரியவள் ஆனாலும் போட வேண்டும், நானும் அப்பாவும் கூடவே இருப்போம் என்றேன். அழுதாள், நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ அதிரசத்துக்கு எத்தனை யூனிட்?"