ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்று சொன்ன பிறகும் பார்க்க வேண்டியவை

கேள்வி: வயது 34. ஓராண்டாக அடிவயிற்று வலி, அடிக்கடி வயிற்றுப்போக்கு. மலம் கழித்தால் வலி அடங்குகிறது. குடும்ப மருத்துவர் ‘ஐ.பி.எஸ்.தான்’ என்கிறார். வேறு நோய் ஒளிந்திருக்குமோ? கோதுமையை நிறுத்தியதில் கொஞ்சம் தேவலை.

பதில்: உங்கள் அறிகுறிகள் ஐ.பி.எஸ்.ஸுக்குப் பொருந்துகின்றன. ஆனாலும் சில எளிய பரிசோதனைகள் முடியாமல் அந்தப் பெயரோடு நின்றுவிடக் கூடாது.

முக்கியமானது சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் இந்த நோய், பார்வைக்கு அப்படியே ஐ.பி.எஸ். போல இருக்கும். டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் குளூட்டனை நிறுத்தியவருக்கு, நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ரத்தம் கொடுப்பதற்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு சாப்பிடுங்கள். ஐஜிஏ என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருந்தாலும் டிடிஜி முடிவு ஏமாற்றிவிடும். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, மலத்தில் கால்புரோடெக்டின் என்ற, அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவு. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் க்ரோன், அல்சரேடிவ் கொலைடிஸ் போன்ற குடல் அழற்சிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் இந்த அளவைக் கூட்டிவிடும் என்பதால், சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கையும், உடலில் அழற்சி உள்ளதா என்று காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனையும் வழக்கமானவை. தேவைப்பட்டால் தைராய்டு, ஜியார்டியா கிருமிக்கான மலப் பரிசோதனை.

எந்தக் கருவியும் இல்லாமல் காரணம் பிடிபடுவதும் உண்டு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மக்னீசியம் கலந்த மருந்துகள் வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். பித்தப்பையை அகற்றியவர்களுக்குப் பெருங்குடலில் சேரும் பித்த அமிலமே காரணமாகலாம். அதற்குத் தனி மருந்து இருக்கிறது. பால் குடித்த சில மணி நேரத்தில் உபாதை என்றால் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் சந்தேகிக்கலாம். ‘உணவு ஒவ்வாமை ஐஜிஜி’ என்ற ரத்தப் பரிசோதனைப் பட்டியலுக்குப் பணம் கட்டாதீர்கள். அது நோயைக் காட்டாது.

மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, நெருங்கிய உறவினருக்குக் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் குடல் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 50 வயதுக்கு மேல் புதிதாக இப்படித் தொடங்கினாலும் அப்படியே. அந்த வயதுப் பெண்களுக்குச் சினைப்பையையும் சோதிப்பது அவசியம்.

எல்லாம் சரியாக இருந்தால் ஐ.பி.எஸ். என்றே சிகிச்சையைத் தொடங்கலாம். புதிய அறிகுறி வராதவரை இதே பரிசோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.