வட்ட ஊசியில் பின்னும்போது முறுக்கு விழுவதை எப்படித் தவிர்ப்பது?

தொப்பி பின்னத் தொடங்குகிறவர்கள் பலருக்கும் வரும் சிக்கல்தான் இது. ஊசியில் ஏற்றிய கண்ணிகளின் (நூல் வளையங்களின்) அடிவிளிம்பு, இரண்டு ஊசி முனைகளையும் இணைக்கும் கேபிளைச் சுற்றிக்கொண்ட நிலையிலேயே வட்டத்தை இணைத்துவிட்டால் முறுக்கு நிரந்தரமாகிவிடும். சில சுற்றுகள் போனபின் கண்டுபிடித்தால் பிரிக்கத்தான் வேண்டும்.

அதனால் முதல் இரண்டு வரிசையை இணைக்காமல், முன்னும் பின்னும் திருப்பித் தட்டையாகவே பின்னுங்கள், அப்புறம் இணையுங்கள். அந்தச் சின்னப் பட்டை முறுக்கு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். மிஞ்சும் இடைவெளியைத் தொடக்கத்தில் தொங்கும் நூலால் தைத்துவிடலாம். நான் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

ஊசி நீளத்தையும் பாருங்கள். பெரியவர் தொப்பிக்கு 40 செ.மீ. சரி, 80 செ.மீ. என்றால் கண்ணிகள் எட்டாமல் இழுபடும். சுற்று தொடங்கும் இடத்தில் ஓர் அடையாள வளையம் மாட்டுங்கள். இணைத்தபின் திருப்பும் வேலையே இல்லை என்பதால், நிட் (அடிப்படைப் பின்னல்) மட்டுமே போட்டாலும் வழுவழுப்பான முகப்பு வரும்.