46 ஆட்டம், 5 கோல்: ஹால் ராப்சன்-கானுவை நல்ல ஸ்டிரைக்கர் என்று ஏன் சொல்கிறேன்?

கேள்வி இதுதான்: "வேல்ஸ் கால்பந்து அணிக்காக 46 ஆட்டங்களில் 5 கோல்தான் அடித்திருக்கிறார் ஹால் ராப்சன்-கானு. பெல்ஜியத்துக்கு எதிரான அந்த ஒரு கோலை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன இருக்கிறது? அவரை எப்படி நல்ல ஸ்டிரைக்கர் என்கிறீர்கள்?"

2014 முதல் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் குடியிருக்கிறேன். வேலைக்காக வந்தவன்தான். ஆனால் வேல்ஸ் அணியின் ஆட்டம் இருக்கும் நாளில் இந்த ஊர்க்காரர்களைப் போலவே எனக்கும் மாலை வரை வேலை ஓடாது. அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா கடந்துபோக மனம் வரவில்லை.

முதலில் அந்த ஐந்து கோலையும் பார்த்துவிடலாம். எண்ணிக்கை சொல்பவர்கள் அவை எந்தெந்த ஆட்டத்தில் வந்தன என்று சொல்வதில்லை.

முதல் கோல் 2013 மார்ச்சில், கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில், ஸ்காட்லாந்துக்கு எதிராக. வேல்ஸின் நட்சத்திர ஆட்டக்காரர் கேரத் பேல் இடைவேளையோடு வெளியே போய்விட்டார், வேல்ஸ் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஆரன் ராம்சி பெனால்டியில் சமன் செய்ய, இரண்டே நிமிடத்தில் ராப்சன்-கானு தலையால் முட்டி வெற்றி கோலைப் போட்டார். இரண்டாவது 2014 அக்டோபரில் கார்டிஃபில், சைப்ரஸுக்கு எதிராக. ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 2016 கோப்பையின் தகுதிச் சுற்று அது. வேல்ஸ் பிற்பாதி முழுக்கப் பத்துப் பேரோடு ஆடி 2-1 என்று வென்றது, அதில் இரண்டாவது கோல் இவருடையது. மூன்றாவது ஸ்லோவாக்கியா. நான்காவது பெல்ஜியம். ஐந்தாவது 2017 செப்டம்பரில் மால்டோவாவில். 80 நிமிடம் வரை ஆட்டம் கோலே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது, பதினேழு வயது பென் உட்பர்ன் கொடுத்த கிராஸைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். பிறகு ராம்சி ஒன்று போட, 2-0.

அவர் கோல் அடித்த ஐந்து ஆட்டத்திலும் வேல்ஸ் வென்றது. ஐந்து கோலும் அந்தந்த ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்த கோல்கள். 3-0 என்று முன்னிலை இருக்கும்போது நான்காவதாகப் போட்ட கோல் அவர் கணக்கில் ஒன்றுகூடக் கிடையாது.

இருந்தாலும் கோல் எண்ணிக்கை குறைவுதான், மறுக்கவில்லை. ரெடிங் கிளப்புக்காகச் சுமார் 200 லீக் ஆட்டங்கள் ஆடியும் 25 கோல் அளவில்தான் நின்றார். அதற்கு, அவருக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டிருந்தது என்று பார்க்க வேண்டும். ரெடிங்கில் பெரும்பாலும் ஓரத்தில் ஆடினார். வேல்ஸில் பயிற்சியாளர் கிறிஸ் கோல்மன் அவரை நடுவில் முன்னால் நிறுத்தினார், கோல் அடிக்க மட்டும் அல்ல. பின்னாலிருந்து உயரமாக வரும் பந்தை, முதுகில் ஒரு டிஃபெண்டர் முட்டிக்கொண்டு நிற்க, நெஞ்சிலோ தொடையிலோ வாங்கி அடக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடி யாரும் பறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஓடிவரும் பேலுக்கோ ராம்சிக்கோ தட்டிவிட வேண்டும். அதற்குள் கணுக்காலில் இரண்டு உதை, முதுகில் ஒரு முழங்கை. பந்து எதிரணியிடம் போனால் உடனே திரும்பி, அவர்களுடைய சென்டர் பேக்கை, அதாவது நடுத் தடுப்பாளரை, துரத்த வேண்டும். இந்த வேலைக்குப் புள்ளிவிவரப் பட்டியலில் இடமே கிடையாது. பேலும் ராம்சியும் முன்னால் ஓடத் துணிந்ததே பந்து இவரிடம் பத்திரமாக நிற்கும் என்ற நம்பிக்கையில்தான்.

அவர் வந்த வழியும் லேசானதல்ல. பிறந்தது 1989இல், லண்டன் ஆக்டனில். நைஜீரிய வம்சாவளி. ஆர்சனல் இளையோர் பயிற்சியில் இருந்தவரைப் பதினைந்து வயதில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ரெடிங் சேர்த்துக்கொண்டது. அங்கே போனபின், பதின்ம வயதிலேயே, முழங்கால் தசைநார் இரண்டு முறை அறுந்தது. ஒருமுறை அறுந்தாலே பல பையன்கள் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். சௌத்எண்ட், ஸ்விண்டன் என்று கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கு இரவலாகப் போய்த்தான் கால் பழகினார். இங்கிலாந்தின் 19, 20 வயதுக்குட்பட்ட அணிகளில் ஆடியவர், பாட்டி வழியில் கிடைத்த உரிமையில் 2010இல் வேல்ஸுக்கு வந்தார். அடுத்த ஆண்டு வேல்ஸ் ஃபிஃபா தரவரிசையில் 117ஆம் இடத்துக்கு இறங்கியது. பெயர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு யாரும் வந்து சேரும் அணியாக அது அப்போது இல்லை.

இனி 2016இல் பிரான்ஸில் நடந்த யூரோ தொடருக்கு வருகிறேன். அதற்கு முன் வேல்ஸ் ஒரு பெரிய போட்டித் தொடரில் கடைசியாக ஆடியது 1958 உலகக் கோப்பையில். கால் இறுதியில் பதினேழு வயது பெலே அடித்த ஒற்றைக் கோலில் தோற்றுத் திரும்பியவர்கள், அடுத்து ஒன்றில் ஆட 58 ஆண்டு ஆனது. எங்கள் எதிர் வீட்டுப் பெரியவருக்கு 1958இல் பத்து வயது. அந்தப் பிரேசில் ஆட்டத்தைப் பற்றி நேற்று நடந்ததைப் போலப் பேசுவார்.

ஜூன் 11, போர்தோ நகரில் ஸ்லோவாக்கியாவோடு முதல் ஆட்டம். 1-1 என்று நிற்கும்போது 71ஆம் நிமிடம் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார் ராப்சன்-கானு. பத்து நிமிடத்தில் ராம்சி தடுமாறிக்கொண்டே தள்ளிவிட்ட பந்தை இவர் உதைக்க, சரியாகப் படாமல் அது உருண்டு உருண்டு மூலைக்குள் போனது. அழகான கோல் இல்லை. அது போதும், 2-1.

ஜூலை 1, லீல் நகரில் கால் இறுதி. எதிரே பெல்ஜியம், அப்போதைய தரவரிசையில் உலகின் இரண்டாவது அணி. ரெடிங்குடன் ராப்சன்-கானுவின் ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தது, புதுக் கிளப் எதுவும் அமையவில்லை. வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்துக்கு, சம்பளம் கொடுக்க ஒரு கிளப்கூட இல்லாதவராக இறங்கினார். 13ஆம் நிமிடம் நைங்கோலன் தூரத்திலிருந்து அடித்த அடியில் பெல்ஜியம் முன்னிலை. 31இல் கேப்டன் ஆஷ்லி வில்லியம்ஸ் தலையால் சமன் செய்தார்.

கார்டிஃபின் கேன்டன் பகுதியில் ஒரு பப்பில் பெரியவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 55ஆம் நிமிடம். பேல் நீளமாகப் போட்ட பந்தை வலப்பக்கம் ராம்சி வாங்கி, பெனால்டி பாக்ஸுக்குள் நின்ற ராப்சன்-கானுவுக்கு அனுப்பினார். கோலுக்கு முதுகு காட்டி நிற்கிறார். சுற்றிலும் மூன்று பெல்ஜியக்காரர்கள்: மெய்னியே, ஃபெல்லைனி, டெனாயர். இடது காலை ஓங்குகிறார், ஓடிவரும் ஆளுக்குத் தட்டிவிடப் போவதைப் போல. மூன்று பேரும் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். ஓங்கிய கால் பந்தை உதைக்கவில்லை. உட்புறத்தால் தன் வலது காலுக்குப் பின்னால் இழுத்துவிட்டு, அவரும் கூடவே திரும்பிவிட்டார். எதிரே கோல்கீப்பர் கூர்ட்வா மட்டும். இடது காலால் அமைதியாக உள்ளே போட்டார்.

1974 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக நெதர்லாந்தின் யோஹன் க்ரைஃப் செய்து காட்டிய திருப்பம் அது. க்ரைஃப் இறந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பப்பில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது, என் சட்டை முழுக்க யாரோ சிந்திய பீர். பெரியவர் மட்டும் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, மறுபடி கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

80ஆம் நிமிடம் ராப்சன்-கானு வெளியே வர, அவருக்குப் பதிலாக இறங்கிய சாம் வோக்ஸ் ஆறு நிமிடத்தில் மூன்றாவதைப் போட்டார். 3-1. அரை இறுதியில், ராம்சியும் பென் டேவிஸும் தடையால் ஆட முடியாத நிலையில், போர்ச்சுகலிடம் 0-2. அந்தத் தோல்வி இன்னும் உறுத்துகிறது. ராம்சி இருந்திருந்தால் ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் கோல், ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபா புஷ்காஷ் விருதின் பத்துக் கோல்களில் ஒன்றாகத் தேர்வானது. விருது மலேசியாவின் ஃபயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக்குக்குப் போனது. ஆகஸ்ட் 31, வீரர்களை வாங்கக் கடைசி நாள், வெஸ்ட் ப்ராம்விச் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே ஏற்றமும் இறக்கமும் பார்த்தார். 2017 ஆகஸ்டில் பர்ன்லிக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கி, வெற்றி கோலைப் போட்டு, சில நிமிடத்தில் முழங்கையால் இடித்ததற்குச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். 2018இல் கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. 2020இல் மறுபடி ஏறியதில் இவருக்கும் பங்கு உண்டு. 2021 மார்ச்சில் வேல்ஸ் முகாமில் நேரக் கட்டுப்பாட்டை மீறியதற்காக, வேறு இருவரோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அது தப்புதான், அதற்காக வக்காலத்து வாங்க மாட்டேன்.

இன்னொன்று நம்மவர்களுக்குச் சுவையாக இருக்கும். முழங்கால் தசைநார் அறுந்த அந்தப் பதின்ம வயதில் வீக்கத்துக்கான மாத்திரைகள் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பச்சை மஞ்சளை அரைத்துச் சாறாக்கிக் கொடுத்தார்கள். அதைக் கைவிடாமல் குடித்துவந்தவர், 2018இல் அதையே சிறு புட்டிகளில் அடைத்து விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். மஞ்சளால்தான் கால் தேறியதா என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் இங்கே சூப்பர்மார்க்கெட்டில் மஞ்சள் சாற்றுப் புட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லீல் நகரம் ஞாபகம் வரும்.

உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு, "அந்த ஒரு கோலை எடுத்துவிட்டால்" என்பதற்கு, எனக்குப் பதில் சொன்னவர் பெரியவர்தான். மறுநாள் காலை என் கைப்பேசியில் அந்தக் கோலை எத்தனையாவது முறையாகவோ பார்த்துக்கொண்டிருந்தோம். திருப்பம் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் விரலை வைத்து நிறுத்தச் சொன்னார். "அவன் காலைப் பார்க்காதே. மூன்று பேரும் எங்கே பார்க்கிறார்கள், பார்" என்றார்.

மூன்று பேருடைய உடம்பும் பாஸ் போகப்போகும் பக்கம் திரும்பியிருந்தது. ஏன் திரும்பாது? முதுகு காட்டி நின்று பந்தை வாங்கினால், பக்கத்தில் வருபவனுக்குத் தட்டிவிடுவான். இந்த ஆள் எத்தனையோ ஆட்டங்களில் செய்தது அதைத்தானே. ஆறு ஆண்டாகக் கோல் கணக்கில் சேராமல் போன அத்தனை பாஸும் சேர்ந்துதான் அந்த மூன்று பேரை அந்தப் பக்கம் சாய்த்தன.

பெரியவர் மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினேன்.