பால் பைத்தானுக்குத் தனி டப்பா வேண்டாம்

வணக்கம் நண்பரே. உங்கள் பால் பைத்தானை (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு) தீனிக்காகத் தனி டப்பாவுக்கு மாற்றி எலி கொடுத்தால் மூன்று வாரமாகச் சுருண்டே கிடக்கிறது, தொடவில்லை என்கிறீர்கள். அந்த டப்பாவைத் தூக்கிப் பரணில் போடுங்கள். கூண்டுக்குள் தீனி கொடுத்தால் கையைக் கடிக்கப் பழகிவிடும் என்பது வெறும் பயம். இது கூச்ச சுபாவி. இடம் மாறினாலே பசி போய்விடும். தின்றதும் தூக்கினால் கக்கவும் செய்யும்.

உறைந்த எலியை முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். கொடுக்கும் முன் ஜிப் கவரில் போட்டு வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், எலி வெடித்துவிடும். உதட்டோரக் குழிகளால் பாம்பு தேடுவது சூட்டைத்தான். எலியின் தலை 38 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். இரவில் விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியில் பிடித்து, அது ஒளிந்திருக்கும் பொந்தின் வாசலில் மெல்ல அசையுங்கள். என்னுடையது முதலில் நாக்கை மட்டும் நீட்டும். கழுத்தைப் பின்னுக்கு வளைத்ததும் கையை அசைக்காமல் நிற்பேன், அடுத்த நொடி பாய்ச்சல்.

அப்புறம் 48 மணி நேரம் தொடாதீர்கள். வாராவாரம் எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

(பெயரைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பாட்டி கிண்ணத்தில் பாலோடு வந்தார். தண்ணீர் போதும் பாட்டி என்றேன், நம்பவில்லை.)