கார்பரேட்டரைத் தொடும் முன் பாயிண்டைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1984ஆம் ஆண்டு மார்க் 4 பெட்ரோல் அம்பாசடர் இருக்கிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் உதறுகிறது. சில நேரம் அணைந்தும் விடுகிறது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் சீராகிறது. கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை. புதியது போடச் சொல்கிறார் மெக்கானிக். வாங்கலாமா ஐயா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இப்போது வாங்காதீர்கள். கரண்ட் பக்கம் (பிளக்கில் பொறி வரவைக்கும் பகுதி) சரியாக இருக்கிறதா என்று தெரியாமல், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரை டியூன் செய்யவே முடியாது. பாயிண்ட் என்பது, பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சிறு தொடுமுனை. அதன் இடைவெளி மாறினால் டைமிங் (பொறி விழும் நேரம்) மாறும்; டைமிங் மாறினால் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது எஞ்சினின் ஓட்டம்) மாறும். முதலில் பாயிண்ட், அடுத்து டைமிங், கடைசியில்தான் கார்பரேட்டர். என் பட்டறையில் இந்த வரிசையை யாரும் மீற நான் விட்டதில்லை.

எஞ்சின் ஓடும்போது, பிடிக்கு நல்ல ரப்பர் உறை உள்ள குறடால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, கோளாறு அந்த சிலிண்டரில். நான்கிலும் மாற்றம் தெரிந்து, உதறல் மட்டும் ஒழுங்கில்லாமல் வந்துபோனால் டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துத் தரும் பாகம்; பாயிண்ட் இதனுள்தான் இருக்கும்) திறக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் என் சந்தேகம், உள்ளே பாயிண்டுக்குப் போகும் சிறு ஒயரின் மீதுதான். வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலால் இயங்கி டைமிங்கை மாற்றும் பாகம்) இழுக்கும்போதெல்லாம் பாயிண்ட் தட்டு சற்றுத் திரும்பும். ஒயரும் கூடவே மடங்கும். வருடக்கணக்கில் மடங்கியதில் செம்பு இழைகள் அறுந்திருக்கும், மேலுறை மட்டும் முழுதாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. தட்டு ஒரு நிலையில் இருந்தால் கரண்ட் பாயும், இன்னொரு நிலையில் விட்டுவிட்டுப் பாயும். மிதித்ததும் வண்டி சீராவதற்கு இது காரணமாக இருக்கலாம். தட்டுக்கு எர்த் தரும் ஒயருக்கும் இதே கதிதான்.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். எஞ்சினை நிறுத்தி, பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைத் திருப்புங்கள். காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் மாட்டியிருக்கும் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே வோல்ட் அளந்தால் ஏறத்தாழப் பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினாலோ, தட்டைக் கையால் திருப்பும்போது எண் துள்ளினாலோ கோளாறு பிடிபட்டது. சாவியை அப்படியே விட்டுவிடாதீர்கள், காயில் சூடாகிவிடும். மாற்றும்போது சாதாரண ஒயர் வேண்டவே வேண்டாம். மெல்லிய இழைகள் நிறைந்த, நன்றாக வளையும் ஒயர்தான் அந்த இடத்தில் தாங்கும்.

பிறகு ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலம் (0.38 மி.மீ.) வைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் பாயிண்டைத் திறக்கும் கேமின் நான்கு முனைகளிலும் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று வேறுபட்டால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கலாம். ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தாலே ஆட்டம் தெரியும். புஷ்ஷை மாற்றாமல் எத்தனை பாயிண்ட் போட்டாலும் ஐட்லிங் நிலைக்காது.

இத்தனையும் சரியாக இருந்தும் உதறினால், இன்டேக் மேனிஃபோல்ட் (கார்பரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்) கேஸ்கெட்டிலும் வேக்குவம் குழாயிலும் காற்றுக் கசிவு உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: என் பழைய காருக்குப் புதுக் காயில் போட்டதிலிருந்து அந்தக் காயில் கொதிக்கிறது. பாயிண்டும் சீக்கிரம் கருகுகிறது. ஏன்?
– வாசகி, ஈரோடு

பதில்: பாலஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பாகம்) இணைக்க வேண்டிய காயிலை நேரடியாக 12 வோல்ட்டில் கொடுத்திருப்பார்கள் அம்மா. ஒயர்களைக் கழற்றிவிட்டு, காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கு இடையே ஓம் அளக்கச் சொல்லுங்கள். 3 ஓம் அளவில் இருந்தால் நேரடியாகக் கொடுக்கலாம். 1.5 ஓம் அளவில் இருந்தால் பாலஸ்ட் கட்டாயம் வேண்டும். பாயிண்ட் கருகியிருப்பதால், பாயிண்டில் தீப்பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.