தடய அறிவியல் முதுநிலை: கல்லூரிக்கு முன் வேலை அறிவிப்பைப் படியுங்கள்

கேள்வி: வேதியியலில் இளநிலை இறுதியாண்டு படிக்கிறேன். டி.என்.ஏ ஆய்வாளராக வேண்டும் என்பது என் விருப்பம். அதற்காகத் தடய அறிவியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். வெளிநாடாக இருந்தாலும் சரி. தடய ஆய்வகத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. நோக்க அறிக்கையை ‘சிறு வயதிலிருந்தே குற்றங்களைத் துப்புத் துலக்குவதில் எனக்குத் தீராத ஆர்வம்’ என்று தொடங்கியிருக்கிறேன், சரியா? எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? பேசாமல் வேதியியலிலேயே முதுநிலை படித்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்: கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்விதான் முக்கியமானது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத முடிச்சு ஒன்று இருக்கிறது. படித்திருப்பது வேதியியல், போக நினைப்பது டி.என்.ஏ பிரிவு. தடய ஆய்வகத்தில் போதைப்பொருள், நச்சியல், தீவைப்பு எச்சங்கள், வண்ணப்பூச்சு, இழை, கண்ணாடி போன்ற சுவடுப் பொருள்கள், உயிரியல் மற்றும் டி.என்.ஏ, துப்பாக்கி, விரல்ரேகை, ஆவணம், கணினி என்று பிரிவுகள் தனித்தனி. ஒவ்வொரு பிரிவும் தனக்கு வேண்டிய ஆளைத் தானே தேடுகிறது. வேலை அறிவிப்பில் பெரும்பாலும் எந்தப் பிரிவு என்பதும், விண்ணப்பிப்பவர் என்னென்ன பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்பதும் குறிப்பிடப்பட்டிருக்கும். பட்டத்தின் பெயரில் ‘தடய’ என்ற சொல் இருக்கிறதா என்பதைவிட அந்தப் பாடங்கள் இருக்கின்றனவா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டின் தேசிய டி.என்.ஏ தரவுத்தளத்தில் இணைந்த ஆய்வகங்கள் எஃப்.பி.ஐ வெளியிட்ட தர உறுதி நெறிகளைப் பின்பற்றியாக வேண்டும். டி.என்.ஏ ஆய்வாளராகச் சேர்பவர் உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் மூன்றையும் கல்லூரியில் படித்திருக்க வேண்டும்; புள்ளியியலிலோ மக்கள்தொகை மரபியலிலோ படிப்பு அல்லது பயிற்சி இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. டி.என்.ஏ பிரிவின் தொழில்நுட்பத் தலைவராக வேண்டுமானால் முதுநிலைப் பட்டமும் தேவை. தணிக்கைக்கு வருகிறவர் உங்கள் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பாடங்களைத் தேடுவார். பாடத்தின் தலைப்பிலிருந்து விளங்காவிட்டால் பாடத்திட்டத்தைக் கேட்பார்கள். ஆகவே நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் இப்போதே சேமித்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்துத் துறை அலுவலகத்தில் போய்க் கேட்டால் பழைய பிரதி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வேதியியல் மாணவர்கள் பலரிடம் உயிர்வேதியியல் இருக்கும். மரபியலும் மூலக்கூறு உயிரியலும் இருக்காது. இந்தப் பள்ளத்தை நிரப்பாத முதுநிலைப் படிப்பு, எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும் உங்கள் விருப்பத்துக்கு உதவாது. டி.என்.ஏ-தான் வேண்டும் என்றால் இரண்டு வழிகள்: டி.என்.ஏ சிறப்புப் பிரிவு உள்ள தடய அறிவியல் முதுநிலை, அல்லது மூலக்கூறு உயிரியல், மரபியல் போன்றவற்றில் முதுநிலை. அதற்குள் இறுதியாண்டின் விருப்பப் பாடங்களில் மரபியலுக்கு இடம் இருந்தால் விடாதீர்கள்.

மாறாக, போதைப்பொருள் அல்லது நச்சியல் பிரிவும் பரவாயில்லை என்று மனம் இளகினால் கணக்கே மாறிவிடும். அங்கே, கலவையில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ், எல்சி-எம்எஸ் கருவிகளை நம்பி ஒப்படைக்கக்கூடிய வேதியியலாளரைத்தான் தேடுகிறார்கள். பகுப்பாய்வு வேதியியல் முதுநிலை அதற்குத் தாராளமாகப் போதும். தடய ஆய்வகத்தில் இடம் கிடைக்காமல் போனாலும் மருந்து நிறுவனம், சுற்றுச்சூழல் ஆய்வகம் என்று வேறு கதவுகளும் திறந்திருக்கும். என்னைக் கேட்டால், வேதியியல் பிடித்துப் படிக்கிற மாணவர் இந்த வழியை அவசரப்பட்டுத் தள்ளிவிடக் கூடாது.

இனி, எந்தப் பல்கலைக்கழகம் என்பது. தரவரிசைப் பட்டியல்களை மூடி வையுங்கள். இந்தத் துறைக்கு அவை அதிகம் சொல்வதில்லை. முதலில் அங்கீகாரத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் தடய அறிவியல் படிப்புகளை மதிப்பிட ஃபெபாக் என்ற ஆணையம் இருக்கிறது. அமெரிக்கத் தடய அறிவியல் கழகத்தோடு சேர்ந்தது. அதன் அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் படிப்பில் குற்றக் களம், சான்றுப்பொருள், சட்டமும் அறிவியலும் சந்திக்கும் இடம், தொழில் அறம், தர உறுதி ஆகியவை பாடத்தில் இருந்தாக வேண்டும். மாணவர் சொந்தமாக ஓர் ஆராய்ச்சியும் செய்ய வேண்டும். பிரிட்டனில் தடய அறிவியலாளர்களின் பட்டயச் சங்கம் பாடத்திட்டங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. இந்தப் பட்டியல்களில் இல்லை என்பதால் ஒரு படிப்பு மட்டம் ஆகிவிடாது. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை தொடங்கியது 1909-இல். உலகின் பழமையான தடய அறிவியல் பள்ளி அதுதான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலவழி இரண்டாண்டு முதுநிலை இருக்கிறது.

பிரிட்டனில் முதுநிலை பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். செலவும் காலமும் மிச்சம், சரிதான். ஆனால் ஆய்வேடு ஒரு கோடைக்குள் திணிக்கப்படும். ஒரு கருவி பழுதானால் பாதிக் காலம் போய்விடும். ஆராய்ச்சி அனுபவத்துக்காகப் போகிறவருக்கு இரண்டாண்டுப் படிப்பே பொருந்தும்.

பிறகு பாடப் பட்டியலைப் பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். குற்றவியல், உளவியல், நீதித்துறை நிர்வாகம் எல்லாம் ‘தடய’ என்ற அடைமொழியோடு விற்கப்படுகின்றன. அவை மோசமான படிப்புகள் என்று சொல்லவில்லை. ஆய்வக வேலைக்கு உதவாது, அவ்வளவுதான். பாதிக்குக் கீழேதான் ஆய்வகம் சார்ந்த பாடம் என்றால் அடுத்ததற்குப் போங்கள். விளம்பரப் புத்தகத்தில் பளபளவென்று ஒரு கருவியின் படம் இருக்கும். அதை மாணவர் தன் கையால் இயக்குகிறாரா, ஆய்வக உதவியாளர் இயக்குவதைப் பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்பது படத்தில் தெரியாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படித்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் கேளுங்கள். ‘பெரும்பாலோர் வேலையில் இருக்கிறார்கள்’ என்ற பதிலுக்கு மயங்காதீர்கள். பதவியின் பெயரைக் கேளுங்கள். படிப்புகள் பெருகுவதற்கும் பணியிடங்கள் பெருகுவதற்கும் தொடர்பே இல்லாமல் போகலாம். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் அரசுத் தடய அறிவியல் சேவை 2012 மார்ச்சில் மூடப்பட்டு, அதன் வேலை தனியார் ஆய்வகங்களுக்கும் காவல்துறைக்கும் போனது. பல்கலைக்கழகங்கள் அதற்குப் பிறகும் தடய அறிவியல் பட்டம் தந்துகொண்டேதான் இருக்கின்றன.

வெளிநாடு என்கிறீர்கள், அதில் பலர் பணம் கட்டிய பிறகே கண்டுபிடிக்கும் ஒன்று உண்டு. அரசு ஆய்வகங்கள் பலவற்றில் அந்நாட்டுக் குடியுரிமை கேட்பார்கள், எஃப்.பி.ஐ-யில் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். அதோடு பின்னணி விசாரணையும் உண்டு. போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா என்று நேரடியாகவே கேட்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. டி.என்.ஏ ஆய்வகத்தில் சேர்ந்தால் உங்கள் டி.என்.ஏ-வையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், மாதிரியில் ஊழியருடையது கலந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க. அந்த நாட்டில் படித்துவிட்டு எங்கே வேலை பார்ப்பது என்பதற்கு விடை இல்லாமல் விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

அடுத்து, நோக்க அறிக்கை. உங்கள் முதல் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அதில் பொய் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் கட்டுக்கட்டாக வரும் விண்ணப்பங்களில் அதே வாக்கியம் அச்சு மாறாமல் வருகிறது. படிக்கிறவரின் கண் அதைத் தாண்டிப் போய்விடும். துப்புத் துலக்குவது புலனாய்வு அதிகாரியின் வேலை என்பது இன்னொரு சிக்கல். ஆய்வக மேசையில் உட்காருகிறவர் ஒரே சோதனையை ஒரே முறையில் திரும்பத் திரும்பச் செய்கிறார், ஒவ்வொரு படியையும் எழுதி வைக்கிறார், ‘இதற்கு மேல் சொல்ல முடியாது’ என்று நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்பதற்குத்தான் சேர்க்கைக் குழு சான்று தேடுகிறது.

உங்கள் திட்டப்பணியில் ஏதாவது கோணலாகப் போயிருக்கும். அதை எழுதுங்கள். ஒரு மாதிரி சொல்கிறேன்: ‘எங்கள் ஜிசி-எம்எஸ் அளவீடுகளில் மாதிரியே சேர்க்காத வெற்றுக் கரைப்பானிலும் வரைபடத்தில் ஓர் உச்சம் தெரிந்தது. ஊசியை மாற்றினோம், போகவில்லை. கரைப்பானைப் பிளாஸ்டிக் குப்பியிலிருந்து கண்ணாடிக் குப்பிக்கு மாற்றியதும் மறைந்தது. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட் என்ற வேதிப்பொருள் கசிந்து வந்தது அது. அதுவரை எடுத்த அளவுகளை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து செய்தோம், ஒதுக்கிய காரணத்தையும் குறிப்பேட்டில் பதிவு செய்தோம்.’ இதில் ஆர்வம் என்ற சொல்லே இல்லை. ஆனால் மாசு என்றால் என்ன என்று தெரிந்தவர், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டு மாதிரியை மதிப்பவர், வேண்டாத முடிவை மறைக்காதவர் என்று ஒரே பத்தியில் தெரிந்துவிடுகிறது. இதை நகலெடுக்காதீர்கள், உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

தடய ஆய்வக அனுபவம் இல்லையே என்ற கவலையும் இதோடு தீர வேண்டும். வெளியாளை வழக்குச் சான்றுப்பொருளைத் தொட விடமாட்டார்கள் என்பது குழுவுக்குத் தெரியும். நீர் சோதிக்கும் ஆய்வகம், மருத்துவமனை ஆய்வகம், சோதனைக்கூடங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ 17025-இன் கீழ் அங்கீகாரம் பெற்ற எந்தச் சோதனைக்கூடமானாலும் சில வாரங்கள் வேலை பாருங்கள். தடய ஆய்வகங்கள் பலவும் அங்கீகாரம் பெறுவது அதே தரநிலையின் கீழ்தான். கருவியை அளவுத்திருத்தம் செய்வது, மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேட்டில் எழுதுவது, தவறாக எழுதியதை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டுக் கையொப்பமிடுவது, இவற்றைப் பழகியவர் பாதி தயார்.

நோக்க அறிக்கையில் இன்னொன்றும் தெரிய வேண்டும்: இந்தத் துறையின் மேல் விழுந்திருக்கும் விமர்சனம் உங்களுக்குத் தெரியுமா என்பது. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த விரல்ரேகையை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ உறுதியாகச் சொன்னது. அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் காவல்துறை பிறகு காட்டியது. 2006-இல் வெளியான ஒரு சோதனையில், அனுபவம் மிக்க விரல்ரேகை நிபுணர்கள் ஐவரிடம், அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளை, இவைதான் அந்த மாட்ரிட் வழக்கின் பிழையான ரேகைகள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நால்வர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். 2009-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் அறிக்கை, உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ-வின் பகுப்பாய்வு தவிர வேறெந்த முறையும் ஒரு சான்றைக் குறிப்பிட்ட ஒரு நபரோடு உயர்ந்த உறுதியோடு இணைக்க வல்லது என்று முறையாக நிறுவப்படவில்லை என்றது. இவற்றைப் படித்த பிறகும் வர விரும்புகிற மாணவர்தான் விண்ணப்பங்களைப் படிக்கும் எங்களுக்கு வேண்டும். ‘தடயங்கள் ஒருபோதும் பொய் சொல்வதில்லை’ என்று முடிக்கும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குக் கொட்டாவி வருகிறது. அதற்குப் பதில் புள்ளியியல் பாடம் ஒன்று எடுத்திருப்பதாக எழுதினால் நிமிர்ந்து உட்காருவேன். பலருடைய டி.என்.ஏ கலந்த மாதிரியை இன்று மென்பொருளும் நிகழ்தகவும் இல்லாமல் விளக்க முடிவதில்லை.

தற்குறிப்பில் ஒரு சொல்கூட ஊதிப் பெருக்காதீர்கள். கருவியை இயக்கவில்லை, இயக்கியதைப் பார்த்தீர்கள் என்றால் ‘பார்த்தேன்’ என்றே எழுதுங்கள். மாசசூசெட்ஸ் மாநில ஆய்வகத்தில் போதைப்பொருள் மாதிரிகளைச் சரியாகச் சோதிக்காமலே முடிவு எழுதிய ஒரு வேதியியலாளர் 2012-இல் பிடிபட்டார். தன்னிடம் இல்லாத முதுநிலைப் பட்டத்தை இருப்பதாக நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னதும் அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2017-இல் அவர் தொட்ட 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடி ஆயின. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது நிபுணரின் தற்குறிப்பைத்தான்.

மற்றவை சுருக்கமாக. பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி ஓடாதீர்கள். உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டைத் திருத்திய ஆசிரியர் எழுதும் அரைப் பக்கம் மேல். முதுநிலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ என்ற பொதுத் தேர்வைப் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள், சில இடங்களில் இன்னும் கேட்கிறார்கள். அந்தந்தப் படிப்பின் விதியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அமெரிக்காவில் இலையுதிர்காலச் சேர்க்கைக்குக் கடைசித் தேதி பல இடங்களில் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே வந்துவிடும். எனவே ஓராண்டு முன்னதாகத் தொடங்குங்கள்.

விண்ணப்பிக்கும் முன் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். புகழ்ச்சி வேண்டாம், வாழ்க்கைக் கதை வேண்டாம். இவ்வளவு போதும்: ‘நான் வேதியியல் பட்டதாரி, மரபியலும் மூலக்கூறு உயிரியலும் படித்ததில்லை. உங்கள் படிப்பில் அவற்றைக் கிரெடிட்டோடு எடுக்க முடியுமா, சேர்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டுமா? சென்ற ஆண்டு மாணவர்களின் ஆய்வேடுகளில் எத்தனை, வழக்குப் பணி நடக்கும் ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யப்பட்டவை? டி.என்.ஏ பிரிவுகளில் பணியில் சேர்ந்த பழைய மாணவர் ஒருவரோடு பேச வழி செய்வீர்களா?’ மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பட்டியலின் அடிக்குத் தள்ளிவிடுங்கள்.